கடற்கொள்ளையன் யார்? பேராக் கரையிலிருந்து ஒரு வாசிப்பு

1. கேள்வி

கடல் சாகசக் கதைகளில் நாயகன் எதிரியின் கப்பலைக் கொளுத்தினால் அது வீரம்; எதிரி நாயகனின் கப்பலைக் கொளுத்தினால் அது கொள்ளை. வாசிக்கும்போது இந்தப் பிரிவினை நமக்கு உறுத்துவதில்லை. கதையின் வேகம் உறுத்தவிடுவதுமில்லை. ஆனால் வரலாற்றைப் பின்னணியாகக் கொண்ட புனைவுகளும் விளையாட்டுகளும் நம் கடந்த காலத்தைப் பற்றிய பொது அறிவாகவே மாறிவிடுகிற காலம் இது. ஆகவே வீரத்துக்கும் கொள்ளைக்கும் நடுவே கோடு கிழிப்பவர் யார், எந்த ஆதாரத்தின்மேல் கிழிக்கிறார், தமிழ்ச் சரித்திர நாவல் அந்தக் கோட்டை எப்படிக் கையாண்டது என்று கேட்டுப் பார்ப்பது அவசியமாகிறது.

இந்தக் கேள்வியை ஈப்போவை அடுத்த லகாட்டிலிருந்து கேட்கிறேன். மெங்லம்பு, லகாட், பாப்பான், பூசிங் என்று நீளும் இந்தப் பகுதி ஈயலம்பங்களாலும் பால்மரக் காடுகளாலும் உருவானது. இங்கிருந்து கடல் தெரியாது. ஆனால் மேற்கே சாலைவழி போனால் இரண்டு மணி நேரத்துக்குள் லுமுட் வந்துவிடும். அதற்கெதிரே பங்கோர் தீவு. மலாக்கா நீரிணையின் கடற்கொள்ளை வரலாற்றில் அந்தத் தீவுக்கு ஓர் இடம் உண்டு. சோழர் கடற்படையெடுப்பு பற்றிய மலாய் மரபுக் கதையிலும் அந்தக் கரைக்கு ஓர் இடம் உண்டு. இரண்டையும் சேர்த்து வாசித்தால், நாம் பெருமையோடு படித்த கடல் நாவல்கள் வேறொரு வெளிச்சத்தில் தெரிகின்றன.

2. பங்கோர்: ஈயம், கோட்டை, ஒரு சொல்லின் பயன்

டச்சுக்காரர்கள் பங்கோரின் தெலுக் கெடோங்கில் 1670இல் கோட்டை கட்டினார்கள். பேராக்கின் ஈயம் தங்கள் கையைவிட்டு வேறு வணிகரிடம் போகக்கூடாது என்பதே நோக்கம். 1689 வாக்கில் அங்கே வந்து இறங்கிய ஆங்கிலேய மாலுமி வில்லியம் டாம்பியர், அதற்கு முந்தைய பத்தாண்டை அமெரிக்கக் கரையிலும் பசிபிக்கிலும் கடற்கொள்ளைக் குழுக்களோடு கழித்தவர். கோட்டைக்கு வெளியே விருந்தில் இருந்த டச்சுத் தலைவர், மலாய்க்காரர்கள் வருவதாகக் குரல் எழுந்ததும் சன்னல் வழியே குதித்துக் கோட்டைக்குள் ஓடியதை அவர் எழுதிவைத்திருக்கிறார். அந்த அச்சத்துக்குக் காரணம் டச்சுக்காரர்கள் இந்த மக்களின் வணிகத்தை வலுக்கட்டாயமாக முடக்கியதே என்ற கருத்தும் அவர் குறிப்பில் உண்டு. அனுபவம் பெற்ற கொள்ளையன் ஒருவன், உரிமம் பெற்ற கம்பெனியின் கோட்டையைப் பார்த்துச் சொன்ன தீர்ப்பு இது. அடுத்த ஆண்டே, 1690இல், உள்ளூர் மக்கள் அந்தக் கோட்டையைத் தாக்கி அழித்தார்கள். டச்சுக்காரர்கள் 1743 வாக்கில் திரும்ப வந்து சில ஆண்டுகள் இருந்துவிட்டு 1748இல் கைவிட்டுப் போனார்கள். 1973இல் சீரமைக்கப்பட்ட அதன் செங்கல் சுவர்களை இன்றும் பார்க்கலாம்.

டாம்பியரின் பயண நூல்கள் டெஃபோவுக்கும் ஸ்விஃப்டுக்கும் ஊட்டமாக இருந்தவை. தனித்தீவில் தவித்த செல்கெர்க்கை 1709இல் மீட்ட பயணத்திலும் அவர் இருந்தார். அவ்வனுபவத்தின் சாயலில் 1719இல் ராபின்சன் குரூசோ வந்தது. ஐரோப்பியக் கடல் சாகச இலக்கியத்தின் ஊற்றுகளில் ஒன்று பங்கோரைத் தொட்டுச் சென்றிருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடற்கொள்ளை என்ற குற்றச்சாட்டு ஒரு சட்டக் கருவியாயிற்று. கேப்டன் ஜேம்ஸ் லோ 1826இல் பேராக் சுல்தானோடு செய்த உடன்படிக்கையில் பங்கோரும் அதைச் சூழ்ந்த தீவுகளும் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுக்கப்பட்டன. சொல்லப்பட்ட காரணம் கடற்கொள்ளையை ஒழிப்பது. 1874 ஜனவரி 20 அன்று பங்கோரில் கையெழுத்தான ஒப்பந்தம், பங்கோரும் எதிர்க்கரையும் சேர்ந்த டிண்டிங்ஸ் பகுதியின் எல்லையை விரித்து உறுதிசெய்தது. பேராக்குக்கு ஒரு பிரிட்டிஷ் ரெசிடெண்டையும் கொண்டுவந்தது. லாருட்டின் ஈய வயல்களுக்காக நடந்த சண்டைகளும் அவற்றின் விளைவாகக் கடலில் நடந்த தாக்குதல்களும் அதற்கு முன்னுரையாக அமைந்தன. டிண்டிங்ஸ் 1935இல்தான் பேராக்குக்குத் திரும்பியது. அந்த இடைவெளியில் இந்த மாநிலத்தில் காடு அழிந்து ரப்பர்த் தோட்டம் வந்தது. தோட்டத்துக்கு ஆள் தேவைப்பட்டபோது நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பல்கள் வந்தன. பேராக் தமிழரின் வரலாறு தொடங்கும் அரசியல் ஏற்பாட்டின் அடித்தளத்தில் ‘கடற்கொள்ளை’ என்ற குற்றச்சாட்டு கிடக்கிறது. நாம் அதை அலட்சியமாகக் கடந்துபோக முடியாது.

3. ஆய்வாளர் தரப்புகள்

இந்தச் சொல்லை ஆய்வாளர்கள் பலவாறு எடைபோட்டிருக்கிறார்கள். நிக்கோலஸ் டார்லிங் 1963இல் எழுதிய நூல், மலாய் உலகின் கடற்கொள்ளையைப் பிரிட்டிஷ் கொள்கையோடு பிணைத்துப் பார்த்தது. கார்ல் டிராக்கி 1979இல் ஜொகூரின் தெமெங்கோங் (உயர் அதிகாரி) குடும்பத்தைப் பற்றி எழுதிய நூல் இன்னும் கூர்மையானது. கடலோடி மக்களைக் கொண்டு நீரிணையில் கப்பல்களை நிறுத்துவதும் வரி வாங்குவதும் மலாய் அரசுகளின் பழைய ஆட்சிமுறை என்பதை அது காட்டியது. ஒருகாலத்தில் கொள்ளையரின் புரவலராக ஆங்கிலேயரால் ஐயுறப்பட்ட தெமெங்கோங் இப்ராஹிமுக்கே, கொள்ளையை ஒடுக்க உதவியதற்காகச் சிங்கப்பூர் ஆளுநர் 1846இல் வாள் பரிசளித்தார். இடைப்பட்ட காலத்தில் மாறியது அவருடைய அரசியல் உறவு.

இதை மட்டும் வாசித்துவிட்டு, கொள்ளை என்பதே காலனியக் கற்பனை என்று முடிவுகட்டினால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அநீதி செய்வோம். ஜேம்ஸ் வாரன் சூலு கடற்பகுதி பற்றி 1981இல் வெளியிட்ட ஆய்வு, 1770க்கும் 1870க்கும் இடையே இரண்டு முதல் மூன்று லட்சம் பேர் அடிமைகளாகப் பிடித்துச் செல்லப்பட்டிருக்கலாம் என்று கணக்கிட்டது. சீனத் தேயிலைக்கு மாற்றாகக் கடல் அட்டையும் பிற கடல் விளைபொருளும் கேட்ட உலகச் சந்தையே அந்த வேட்டையை முடுக்கியது என்றும் அவர் நிறுவினார். வன்முறை மெய்யானது. அதற்குப் பின்னால் உலக வணிகம் இருந்ததும் மெய். எந்த வன்முறைக்கு எந்தப் பெயர் என்பதை மட்டும் வலுவுள்ளவர்கள் தீர்மானித்தார்கள். என் வாசிப்புக்கு அளவுகோல் இதுதான்: பெயரை ஒதுக்கிவைத்துவிட்டு, யார் எடுத்தார்கள், யார் இழந்தார்கள் என்று பார்ப்பது.

ஐரோப்பியப் புனைவு இந்த அளவுகோலை ஒருமுறை தலைகீழாக்கிப் பார்த்தது. ஸ்டீவன்சனின் புதையல் தீவு நூலாக வந்த அதே 1883இல், இத்தாலியின் வெரோனா நகரப் பத்திரிகையொன்றில் எமிலியோ சல்காரி சண்டோகான் கதைகளைத் தொடங்கினார். போர்னியோ அரச குடும்பத்தை இழந்த சண்டோகான் கொள்ளையனாகி, சரவாக்கின் ஆங்கிலேய ராஜா ஜேம்ஸ் புரூக்கை எதிர்க்கிறான். அவனுக்குத் துணை நிற்பவர்களில் இந்தியர்களும் உண்டு. சல்காரி மலாய் மண்ணை மிதித்ததே இல்லை. ஆயினும் கொள்ளையனின் பக்கம் நியாயம் இருக்கலாம் என்ற எண்ணத்தை இத்தாலியச் சிறுவர்களுக்கு அவர் கொடுத்தார்.

4. கங்கா நெகாரா: தாக்கப்பட்டவர்களின் கதை

இப்போது அதே அளவுகோலை நம் பக்கம் திருப்புவோம்.

ராஜேந்திர சோழனின் 1025ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பு மெய்க்கீர்த்தியில் பதிவாகியுள்ளது. ஸ்ரீவிஜயத்தில் தொடங்கிக் கடாரத்தில் முடியும் அந்தப் பட்டியலில் பதின்மூன்று இடங்கள் உள்ளன: பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம், தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மாநக்கவாரம் முதலியவை. சங்கிராம விசயோத்துங்கவர்மன் என்ற மன்னன் பிடிபட்டதையும், யானைகளும் பெருநிதியமும் வித்தியாதர தோரணமும் கவரப்பட்டதையும் அது பெருமையாகச் சொல்கிறது. கைப்பற்றிய இடங்களில் ஆளுநர் வைத்ததாகவோ வரி விதித்ததாகவோ அது சொல்வதில்லை. சோழர் கடல் கடந்த பேரரசு நிறுவினார்கள் என்று நம் பாடநூல்களும் மேடைகளும் சொல்லிவருவதற்கு மெய்க்கீர்த்தியே போதிய சான்று தருவதில்லை.

நீலகண்ட சாஸ்திரி இந்தப் படையெடுப்பைச் சீன வணிகப் பாதையோடு சேர்த்துப் பார்த்தார். சோழர் தூதுக்குழு 1015இல் சீனம் சென்றதும், நடுவே ஸ்ரீவிஜயம் சுங்கச்சாவடியாக நின்றதும் அந்த வாசிப்புக்கு வலுச் சேர்க்கின்றன. ஜார்ஜ் ஸ்பென்சர் வேறு வழியில் போனார். சோழரின் ஈழப் படையெடுப்பைப் பற்றி 1976இல் எழுதிய கட்டுரையிலும் பின்னர் வந்த நூலிலும், நிரந்தர வரிவருவாய் போதாத அரசு தன் படையையும் கோயிலையும் சூறைப்பொருளால் தாங்கியது என்று வாதிட்டார். எனக்கு இரண்டும் முரண்படுவதாகத் தோன்றவில்லை. வணிகப் பாதையை அடக்க நினைத்தவர்களும் சூறையால் ஊக்கம் பெற்றவர்களும் ஒரே கப்பலில் இருந்திருக்க முடியும். ஐந்நூற்றுவர் போன்ற வணிகக் குழுக்கள் படைவீரர்களையும் வைத்திருந்ததைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. சுமத்ராவின் பாரூசில் அவர்கள் 1088இல் தமிழ்க் கல்வெட்டு நட்டிருக்கிறார்கள். அந்த உலகில் வணிகனும் போர்வீரனும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள்.

பேராக்குக்கு நேரடியாகத் தொடர்பான சான்று மலாய் மரபில் இருக்கிறது. 1612ஆம் ஆண்டுத் தொகுப்பாக நமக்குக் கிடைக்கும் செஜாரா மெலாயு, கெலிங் (தென்னிந்திய) நாட்டு ராஜா ஒருவன் சீனத்தை வெல்லப் பெரும்படையோடு புறப்பட்ட கதையைச் சொல்கிறது. சுவடிக்குச் சுவடி அவன் பெயர் சூரான், சூலான் என்று மாறும். வழியில் அவன் கங்கா நெகாராவை அழித்து அதன் மன்னனைக் கொல்கிறான். அந்தக் கோட்டை டிண்டிங்கில், பேராக் ஆற்றுக்கு அப்பால் இருந்தது என்று நூல் இடமும் சுட்டுகிறது. பிறகு அவன் பழைய சிங்கப்பூரான தெமாசிக் வரை வருகிறான். சீனப் பேரரசர் துருப்பிடித்த ஊசிகளையும் காய்த்த மரங்களையும் பல்விழுந்த கிழவர்களையும் ஒரு கப்பலில் ஏற்றி அனுப்புகிறார். புறப்படும்போது கைத்தடிமன் இரும்பாக இருந்தவை ஊசியாகத் தேய்ந்துவிட்டன, விதைகள் மரமாகிவிட்டன, தாங்களும் கிழவராகிவிட்டோம் என்று அவர்கள் சொல்ல, சீனம் அவ்வளவு தூரம் என்று நம்பி ராஜா திரும்பிவிடுகிறான். ஊர் போய்ச் சேருமுன் கண்ணாடிப் பெட்டியில் கடலடிக்கு இறங்கி அங்கே ஓர் இளவரசியை மணக்கிறான். அந்த வழியில் வந்தவர்களே பிற்கால மலாக்கா அரசர்களின் முன்னோர்.

இந்த ராஜா ராஜேந்திரனின் நினைவு என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். பெயரொலியும் படையெடுப்பின் திசையும் அதற்கு இடம் தருகின்றன. ஆனால் கங்கா நெகாரா என்ற பெயர் மெய்க்கீர்த்தியின் பதின்மூன்றில் இல்லை. வென்ற இடங்களை ஒவ்வொன்றாக அடைமொழியோடு அடுக்கிய ஆவணம் இதை விட்டிருப்பது கவனிக்கத் தக்கது. கங்கா நெகாரா இருந்ததாகக் கருதப்படும் பெருவாஸ் வட்டாரத்தில் ‘ராஜேந்திரன் அழித்த நகர்’ என்று உறுதியோடு சொல்லப்படுவதை, ஆகவே, மரபுச் செய்தியாக மட்டுமே ஏற்க முடியும். பேராக்கின் ஈயலம்பங்களில் கிடைத்த பௌத்த வெண்கலச் சிலைகள் (பீடோரில் 1936இல் வெளிப்பட்ட எட்டுக்கை அவலோகிதேஸ்வரர் அவற்றில் ஒன்று) இங்கே பழைய நாகரிகம் இருந்ததை உறுதிசெய்கின்றன. எரிந்த நகரம் ஒன்றை அவை உறுதிசெய்யவில்லை.

இவ்வளவு ஐயம் இருந்தும் செஜாரா மெலாயுவின் கதை எனக்கு மெய்க்கீர்த்தியைவிடப் பெரிய செய்தியைத் தருகிறது. தங்கள் கரையை அழித்தவனை அந்த நூல் கொள்ளையன் என்று ஒதுக்கவில்லை. மூதாதையாக உள்ளே எடுத்துக்கொண்டது. கங்கா நெகாராவின் வீழ்ச்சியையும் மறைக்கவில்லை. இழந்தவனும் எடுத்தவனும் ஒரே கதையில் இருக்கிறார்கள். தமிழ்ச் சரித்திர நாவல் இந்த முதிர்ச்சியை எட்டியதா?

5. கடல் புறாவின் நாயகன்

சாண்டில்யனின் ‘கடல் புறா’ 1960களில் குமுதத்தில் தொடராக வந்து, மூன்று பாகங்களாக நூலாயிற்று. மலேசியத் தோட்டங்களில் அட்டை கிழிந்து, பக்கங்கள் தைக்கப்பட்டு, லயத்துக்கு லயம் கைமாறிய நாவல்களில் அது முதல் வரிசையில் நிற்கும். நாளெல்லாம் மரம் சீவியவர்களுக்கு, தங்கள் முன்னோர் இதே கடலை ஆண்டார்கள் என்று சொன்ன நூல் அது. அந்த ஆறுதலைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. அதனாலேயே அதைக் கவனமாக வாசிக்க வேண்டும் என்கிறேன்.

கதைக்கு வரலாற்றுக் கொக்கி உண்டு. வீரராஜேந்திரன் 1068 வாக்கில், உதவி கேட்டு வந்த மன்னனுக்காகக் கடாரத்தை வென்று அவனிடமே கொடுத்ததாக அவன் கல்வெட்டு கூறுகிறது. சாண்டில்யன் அந்த ஒற்றைச் செய்தியின்மேல் பாலூர், அட்சயமுனை, ஸ்ரீவிஜயம் என்று ஒரு கடல் உலகையே எழுப்பினார். நாயகன் இளையபல்லவன் கருணாகரத் தொண்டைமான். கலிங்கத்துப் பரணி போற்றும் அந்தத் தளபதியின் புகழ் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பிந்திய தரைப்போரைச் சேர்ந்தது. அவனைக் கடலில் இறக்கியது முழுக்க நாவலாசிரியரின் கற்பனை. சீனக் கடற்கொள்ளைத் தலைவன் அகூதாவிடம் அவன் தொழில் பழகுகிறான். கொள்ளையர் துறையான அட்சயமுனையைக் கைப்பற்றுகிறான். அங்கே கடல் புறாவைக் கட்டுகிறான். கலிங்கத்தின் மரக்கலங்களைச் சூறையாடுகிறான்.

நாவல் இதை ஒளிக்கவில்லை என்பதே அதன் பலம். இளையபல்லவன் கொள்ளையன் என்று பெயரெடுக்கிறான், அந்தப் பெயரைக் கருவியாகவும் பயன்படுத்துகிறான். அகூதாவுக்கும் அரபியனான அமீருக்கும் கொடுத்த மரியாதையில் சாண்டில்யன் தாராளமானவர். சீனரும் அரபியரும் தமிழரும் ஒரே தளத்தில் நின்று வேலைசெய்யும் கப்பல், அன்றைய இந்துமாக்கடலுக்குப் பொருத்தமான சித்திரம். ஆனால் முடிவில் ஸ்ரீவிஜயச் சிம்மாசனத்தில், சோழர் ஆதரித்த குணவர்மன் அமர்ந்ததும் கொள்ளை முழுவதும் அரசகாரியமாகிவிடுகிறது. எரிந்த கப்பல்களின் மாலுமிகளுக்குப் பெயர் இல்லை. அட்சயமுனையின் சுதேசிகள் கூட்டமாக வருகிறார்கள், கூட்டமாகவே போகிறார்கள். இறுதி நியாயம் சோழக் கொடியிலிருந்தே பிறக்கிறது. டச்சுக் கம்பெனி தன் கோட்டைக்குச் சொன்ன நியாயத்தின் அமைப்பும் இதுதான்: எங்கள் பக்கம் முத்திரை இருக்கிறது.

அதே ஆசிரியரின் ‘ஜல தீபம்’ இதற்கு நல்ல எதிர்ச்சான்று. மராட்டியக் கடற்படைத் தலைவர் கனோஜி ஆங்கரேயை ஆங்கிலேய ஆவணங்கள் கொள்ளையன் என்றே எழுதின. சாண்டில்யன் அவரைத் தம் கரையைக் காக்கும் தலைவராகக் காட்டினார். சுதந்திர இந்தியாவும் 1951இல் பம்பாய்க் கடற்படைத் தளத்துக்கு ஆங்கரேயின் பெயரை வைத்தது. காலனியம் சூட்டிய பட்டத்தைக் கேள்விகேட்கத் தெரிந்த எழுத்தாளர், நம் மன்னர்கள் பிறர் கரையில் செய்ததைக் கேள்விகேட்கவில்லை. இது சாண்டில்யனின் தனிக்குறை அல்ல. கடலைப் பற்றிய நம் பெருமிதப் பேச்சு முழுவதும் இந்த இடத்தில் மௌனமாகிவிடுகிறது.

6. விளையாட்டின் விதிகள்

நாவலைவிட விளையாட்டு இன்று இளையோரிடம் அதிகம் செல்கிறது. அதில் அறம் என்பது விதிகளாக எழுதப்பட்டிருக்கும். 1987இல் வந்த ‘சிட் மெயர்ஸ் பைரேட்ஸ்’ இதை நேர்மையாகச் செய்தது: ஆட்டக்காரர் ஏதாவதொரு நாட்டின் உரிமக் கடிதம் பெற்று எதிரி நாட்டுக் கப்பல்களைத் தாக்கினால் ஆளுநர்கள் பட்டமும் நிலமும் தருவார்கள். முத்திரை கொள்ளையைப் பணியாக மாற்றுவதை ஒரு சிறுவன் விளையாடியே கற்றுக்கொள்ளலாம்.

‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ விளையாட்டின் 2022ஆம் ஆண்டு விரிவாக்கம் திராவிடர் என்ற நாகரிகத்தையும் ராஜேந்திரன் பெயரில் ஒரு தொடரையும் திரிசடை என்ற பெருங்கப்பலையும் சேர்த்தது. தமிழ்ப் பிள்ளைகள் மகிழ்ந்தார்கள். அந்த மகிழ்ச்சி இயல்பானது. ஆனால் சோழர் போர்க்கலம் என்று உறுதிப்பட்ட சிதைவு எதுவும் கடலடியிலிருந்து கிடைத்ததில்லை. திரையில் தெரியும் கப்பல் ஓவியரின் ஊகம். இத்தகைய விளையாட்டில் வெற்றி என்றால் எதிரியின் கட்டடங்கள் எரிவது. எரிந்த ஊரின் மறுநாளைக் காட்ட விதியில் இடமில்லை.

‘ஸ்கல் அண்ட் போன்ஸ்’ 2024இல் வந்தது. யூபிசாஃப்டின் சிங்கப்பூர்க் கூடத்தில், இந்த நீரிணையின் வாசலில் உருவானது அது. களம் பதினேழாம் நூற்றாண்டின் இந்துமாக்கடல். டச்சு வணிகக் கம்பெனி ஒன்று எதிரியாக வருகிறது. தெலுக் பெஞ்சாரா என்ற மலாய்ப் பெயர் கொண்ட துறைமுகத்தில் ரஹ்மா என்ற பெண் தலைவி கடல் மக்களுக்காகப் போராடுகிறாள். பேராக்கில் 1690இல் கோட்டையை அழித்தவர்களின் நியாயம் ஓரளவு இங்கே கதைக்குள் நுழைகிறது. நாவல்கள் கூட்டமாக விட்டுச்சென்ற ஓராங் லாவுட் போன்ற கடலோடி மக்களுக்கு ஒரு முகம் கிடைக்கிறது. ஆட்டத்தின் நோக்கம் கடைசியில் சரக்குக் குவிப்பதாகவே சுருங்கிவிட்டாலும், இந்தத் திசை சரியானது என்பேன்.

7. எழுதப்படாத கடல்

மலேசியத் தமிழ்ப் புனைவு கடுமையான வரலாற்றைத் தொடத் தயங்கியதில்லை. சயாம் மரண ரயில் பற்றி அ. ரெங்கசாமி எழுதிய ‘நினைவுச் சின்னம்’ ஒன்றே போதும் சாட்சிக்கு. அதே கண்டிப்பு கடலுக்கும் வேண்டும். கங்கா நெகாராவின் கரையில் நின்றபடி, கப்பல்கள் வருவதைப் பார்க்கிற ஒருத்தியின் கண்வழி எழுதப்பட்ட தமிழ்ச் சரித்திர நாவல் எனக்குத் தேவை. சோழர் வெற்றியை அது மறுக்க வேண்டியதில்லை. இழந்தவர்களுக்குப் பெயர் கொடுத்தால் போதும். பதினெட்டாம் நூற்றாண்டுப் பேராக் அரசவையைச் சொல்லும் மிசா மெலாயுவில் சுல்தான் இஸ்கந்தரின் கடற்பயணம் வருகிறது. தமிழில் எழுதுகிறவர்கள் அதையும் தங்கள் மூல நூல்களில் ஒன்றாகக் கொள்ள வேண்டும்.

இன்னொரு கடலும் இருக்கிறது. 1926இல் ஓடத் தொடங்கிய ராஜுலா கப்பல், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப்பயணிகளை ஏற்ற உரிமம் பெற்றது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர் என்று அரை நூற்றாண்டு அது ஓடியது. திறந்த தளத்தில் பாய் விரித்துப் படுத்து, புயலுக்கும் வாந்திக்கும் நடுவில் குழந்தை பெற்று, இறந்தவரைக் கடலில் இறக்கிவிட்டு வந்தவர்கள்தான் மெய்யான தமிழ்க் கடலோடிகளில் பெரும்பான்மையோர். எந்தச் சாகச நாவலும் அவர்களை நாயகராக்கவில்லை.

ராஜுலா 1973இல் ஓய்வு பெற்றது. அதில் சிறுவராக வந்தவர்கள் இன்று அறுபதையும் எழுபதையும் கடந்துவிட்டார்கள்; லகாட்டிலும் பூசிங்கிலும் புந்தோங்கிலும் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். கடல் நாவல் எழுத நினைக்கும் இளைஞர்கள் முதலில் அவர்களிடம் போய் உட்கார்ந்து கேளுங்கள், ஒலிப்பதிவு செய்யுங்கள். இந்த ஆண்டே தொடங்குங்கள்.